ஆந்தை போட்ட பிரேக்

சல்லடை அக்காவின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பொதுவாக இரண்டு வகை. தொலைந்த பொருளைத் தேடித் தரச் சொல்பவர்கள். தொலைந்தால் தேவலை என்று நினைக்கிற கணவனின் பின்னால் ஆள் அனுப்பச் சொல்பவர்கள். அன்று காலை வந்த அம்மாள் கணவனைக் கையோடு கூட்டி வந்திருந்தார். இது எந்த வகையில் சேரும் என்று வாலுக்குப் பிடிபடவில்லை.

வால் என்பவன் அக்காவின் உதவியாள். நாற்பதைத் தாண்டியவன், தலையில் பாதி முடி ஏற்கெனவே விடைபெற்றிருந்தது. ஒருவரைப் பின்தொடர ஆரம்பித்தால் ஒட்டிக்கொண்டே போவான் என்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். மூன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்ட பெயர் என்று அவன் அம்மா சொல்வாள். அக்காவின் பெயரில் அப்படித் தகராறு ஒன்றும் கிடையாது. யார் எவ்வளவு கொட்டினாலும் அசையாமல் கேட்டுவிட்டு, கடைசியில் கல்லை மட்டும் தனியாக எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார்.

“ஒருவேளை இந்த நாற்காலில நான் உட்காரலாமோ?” என்று கேட்டார் கணவர்.

நாற்காலி அவருக்காகத்தான் போடப்பட்டிருந்தது. உட்கார்ந்தபின், ஒருவேளை மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் நன்றாயிருக்குமோ என்றார். வைத்ததும், ஒருவேளை அது தேவையில்லையோ என்றார். வால் மனசுக்குள் அவருக்கு அப்போதே ஒருவேளை என்று பெயர் சூட்டிவிட்டான். அந்தப் பெயரிலேயே நாமும் அவரை அழைக்கலாம். அவர் ஆட்சேபிக்கிற ஆள் இல்லை.

“நானே சொல்லிடறேங்க,” என்றார் மனைவி. “இவர் ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிடும். எனக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் இருக்கு.”

அவர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் மேற்பார்வையாளர். எங்கிருந்தாவது உதவி கேட்டு அழைப்பு வரும். ஒரு பெண் அதைத் தட்டச்சுவாள். எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று திரையில் விழும். இத்தனை விவரமும் ஒரு தரவுத்தளத்தில், வரி வரியாக உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தரவுத்தளத்துக்கு முதலாளி கிடையாது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற நிரலர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதுவது. சேர்ந்து எழுதுவது என்றால், மின்னஞ்சலில் நடக்கிற மடற்குழு ஒன்றில் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டிக்கொண்டே எழுதுவது. ஒருவேளையும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். மேலதிகாரிகள் முன்னால் நின்று, கடையில் விற்கிற தரவுத்தளம் நமக்கு வேண்டாம், என் வீட்டுக்காரர் சேர்ந்து எழுதுகிற இதுவே போதும் என்று பொறுப்பேற்றவர் இந்த அம்மாள்.

அதில்தான் சிக்கல். அந்தத் தரவுத்தளத்தில் ஒரு வரியை அழித்தால் அது உடனே போய்விடாது. செத்தது என்று அடையாளம் போட்டு அங்கேயே கிடக்கும். அவ்வப்போது நிரலுக்குள்ளிருந்தே ஒரு துடைப்பம் கிளம்பி வந்து பெருக்கும். பெருக்குகிறவரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்ளும். திரை உறைந்துவிடும். அழைத்தவர் வலியில் துடித்துக்கொண்டிருப்பார். இங்கே கரும்பலகையில் சாக்குக்கட்டியால் முகவரி எழுதிக்கொண்டிருப்பார்கள். போன வாரம் மேலதிகாரிகள் பார்வையிட வந்தபோதும் சாக்குக்கட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக் காலை திரும்ப வருவார்கள். அதற்குள் இந்த உறைதலுக்கு ஒரு முடிவு தெரியாவிட்டால் தரவுத்தளமும் போகும், அந்த அம்மாளும் போவார். தரவுத்தளம் குப்பைக்கு, அம்மாள் ஆம்புலன்ஸ் டயர்களை எண்ணி வைக்கிற கிடங்கு வேலைக்கு.

“இதுக்கு வைத்தியம் இவரே எழுதி வெச்சிருக்காருங்க,” என்றார். “கதவைச் சாத்தாம மூலை மூலையா பெருக்கற மாதிரி. எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னும் விவாதம் நடக்குது.”

அந்த விவாதத்தைப் பற்றி ஒருவேளை சொன்னதை அப்படியே எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆகவே குறைத்துச் சொல்கிறேன். அதில் ஒருவர் ஒரு பதிலை எழுத ஆரம்பித்தபோது மாப்பிள்ளையாக இருந்தார். அனுப்பும்போது மாமனாராக இருந்தார். அது குறுகிய பதில். துடைப்பத்தின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று இரண்டு பேர் போட்ட சண்டை ஒரு மழைக்காலத்தில் தொடங்கி, அடுத்த மழைக்காலத்தில் மழையைப் பற்றிய சண்டையாக முடிந்தது. ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒருவேளை தன் நிரலைத் திருத்தினார். “நன்றி, நல்ல யோசனை” என்று எழுதினார். எல்லோரும் ஓய்ந்தபிறகும் ஒரே ஒரு ஆட்சேபம் மட்டும் மலை மாதிரி நின்றது. மின்சாரம் பாதியில் நின்றால் பெருக்கிக்கொண்டிருந்த வரிகள் தொலைந்துபோகும் என்பது ஆட்சேபம். சொன்னவர் ஆந்தை.

ஆந்தை என்பது குழுவில் அவருடைய புனைபெயர். அந்தத் தரவுத்தளத்தின் அஸ்திவாரத்தில் பாதி அவர் போட்டது. எதையும் மறுப்பதில் மன்னர். அந்தக் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. பதில் சொல்லப்படாத ஆட்சேபம் ஒன்று இருந்தாலும் நிரல் உள்ளே போகாது. ஒருவேளை பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். ஆனால் ஆந்தை அதற்குள் குழுவைவிட்டே போய்விட்டார். அவருக்குத் திருப்தியா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

“செத்துட்டாரா?” என்று வால் கேட்டான்.

“இல்லையாம். இதே ஊர்லதான் இருக்காருன்னு கேள்வி,” என்றார் மனைவி. “குழுவோட வருஷக் கூட்டம் இன்னிக்கு இங்கதான் நடக்குது. இந்த வருஷம் எந்தெந்த நிரலை உள்ள சேர்க்கறதுங்கற கணக்கை அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. அதுக்குள்ள அந்த மனுஷன் வந்து எனக்கு ஆட்சேபம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும். ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. பேச வைக்கிறதை நான் பார்த்துக்கறேன்.”

போகும்போது ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று அக்கா கேட்டார். ஒருவேளை தொண்டையைச் செருமினார். கடைசி மடலில் ஆந்தை எழுதியது அவருக்கு மனப்பாடம்: “இனி என் வாய்க்கு ஓய்வு. மறுப்பதற்கு ஒரு கால் போதும்.”

“உதைக்கிற வேலை. கால்பந்து,” என்றான் வால். “இல்லேன்னா தையல் மெஷின்.”

“தையல் மெஷின்ல கால் எதை மறுக்குது?” என்றார் அக்கா. “வாழ்நாள் பூரா வேண்டாம் வேண்டாம்னு சொன்ன ஆள் அதை விட்டுட்டு இருக்க முடியாதுடா. வாயால சொன்னதைக் காலால சொல்ற வேலைக்குப் போயிருக்கார். பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, அடுத்தவன் ஓட்டற வண்டியை நிறுத்தற வேலை எது?”

வால் யோசித்தான். “கல்யாணம்,” என்றான்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகள் அந்த ஊரில் சந்துக்குச் சந்து இருந்தன. வால் அவற்றின் எண்களைத் தேட ஆரம்பித்தபோது, அக்கா அவனை இழுத்துக்கொண்டு ஒரு பிரேக் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார். யாருடைய பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கத்துப் பிரேக் சீக்கிரம் தேய்கிறது என்று மட்டும் கேட்டார். மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கண்கலங்கினார். வெளிர்நீலக் கார், மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் என்றார்.

“மத்தவங்க வருஷத்துக்கு ஒருதடவை வருவாங்கம்மா. இவர் வாரத்துக்கு ஒருதடவை. பெடலே தேஞ்சு காகிதம் மாதிரி ஆயிடும். அவர் புண்ணியத்துலதான் என் பொண்ணு காலேஜ் முடிச்சா.”

மைதானத்துச் சாலையில் வெளிர்நீலக் கார் கண்ணில் பட்டது. அது ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்வது மிகை. கொஞ்சம் நகர்ந்து, தலையாட்டி, நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது. வால் தன் பெயருக்கேற்ப அதைப் பின்தொடர்ந்தான், நடந்தே முந்திவிட்டான், திரும்பி வந்து மறுபடி பின்தொடர்ந்தான். அடுத்தமுறை கார் நின்றபோது அக்கா பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். வாலும் ஏறிக்கொண்டான்.

ஓட்டுநர் இருக்கையில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அடுத்தவர் வாயில் துளைபோடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெடவெடத்தது. பக்கத்தில் வட்டக் கண்ணாடி போட்ட, கழுத்தே இல்லாத ஒரு மனிதர். திரும்பிப் பார்க்கவேண்டுமானால் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். பெயர்க் காரணம் வாலுக்கு விளங்கிவிட்டது.

துடைப்பம் பேட்ச்சை, அதாவது ஒருவேளை எழுதிய அந்தத் திருத்த நிரலைப் பற்றிப் பேச வந்ததாக அக்கா சொன்னார்.

“நல்ல பேட்ச்,” என்றார் ஆந்தை.

வால் முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினான்.

“நல்லதுன்னா சொன்னீங்க?” என்றான் வால்.

“வாழ்க்கையில நான் நல்லதுன்னு சொன்னது ரெண்டே விஷயம். அதுல இது ஒண்ணு. டாக்டர், அது லாரி.” ஆந்தையின் கால் அசைந்தது. எல்லோருடைய நெற்றியும் முன்னால் போய்த் திரும்பியது.

“இன்னொண்ணு என்ன சார்?”

“சொன்னா அதுக்கும் யாராவது ஆட்சேபம் சொல்லுவாங்க.”

அக்கா தன் கைபேசியில் குறித்து வைத்திருந்த ஆட்சேபத்தைச் சொல்லுக்குச் சொல் படித்துக் காட்டினார். ‘மின்சாரம் நடுவில் நின்றுவிட்டால், பெருக்கிக்கொண்டிருந்த வரிகள் ஒருவேளை திரும்பிவராமலே போய்விடக்கூடும் என்று தோன்றலாம்.’

ஆந்தை உடம்போடு திரும்பினார். அவமானப்பட்ட மனிதரின் முகம்.

“இது நான் எழுதினதா? என் எழுத்தைப் பார்த்திருக்கீங்களா? ‘தப்பு. எடுத்துப் போடு.’ அவ்வளவுதான் எழுதுவேன். போய்விடக்கூடும் என்று தோன்றலாமாம். இப்படி வழவழன்னு நான் யாரையும் மறுத்ததே இல்லீங்க.”

பிறகு நடந்ததை அவர் காரின் குலுக்கலுக்கு நடுவே துண்டுதுண்டாகச் சொன்னார். அந்தக் குழுவில் பதில் எழுத ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் மடலிலிருந்து, நீங்கள் எந்த வரிக்குப் பதில் சொல்கிறீர்களோ அந்த வரியை மட்டும் எடுத்து மேலே வைக்கவேண்டும். மிச்சத்தை வெட்டிவிடவேண்டும். கீழே உங்கள் பதில். வெட்டாமல் அனுப்பினால் காறித் துப்பாத குறையாகத் திட்டுவார்கள். ஆந்தையும் ஒரு வரியை எடுத்து வைத்து, கீழே ‘நன்றாக யோசித்திருக்கிறான்’ என்று எழுதினார். அடுத்து வந்தவன் மரியாதை தெரிந்தவன், அவனும் வெட்டினான். மேலே இருந்த வரியை வைத்துக்கொண்டான், ஆந்தையின் பதிலை வெட்டிவிட்டான்.

“என் பேச்சை வெட்டிட்டு என் பேரை மட்டும் மேல தொங்கவிட்டுட்டான். அப்புறம் வந்தவனெல்லாம் ஆந்தை இப்படிச் சொல்றார், ஆந்தை இப்படிச் சொல்றார்னு ஆரம்பிச்சுட்டான்.”

“நான் அப்படிச் சொல்லலன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே,” என்றான் வால். அவனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டுப்பாட்டு அறையே சாக்குக்கட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மரியாதை மரியாதை என்கிறார்கள்.

“நான் ஆட்சேபிக்கலன்னு ஒரு ஆட்சேபம் எழுதணுமா? அதுக்கு நாலு பேர் பதில் எழுதுவான். நான் வெளியே வந்ததே அதுக்காகத்தான். டாக்டர், அது சுவர்.”

அந்த வரி முதலில் யாருடையது என்று அவருக்கு நினைவில்லை. பேட்ச் குழுவுக்கு வந்த எவ்வளவு நேரத்தில் பதில் எழுதினார் என்று அக்கா கேட்டார். வந்தவுடனே என்றார் ஆந்தை. மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்குள்.

“அவ்வளவு பெரிய நிரலை அதுக்குள்ள படிச்சிட்டீங்களா?”

“படிக்கல. முதல் பத்தியைப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு.”

வாழ்க்கையில் இரண்டே விஷயத்தை நல்லது என்று சொன்ன மனிதர், அதில் ஒன்றைப் படிக்காமலே சொல்லியிருக்கிறார் என்பதை வால் சத்தமில்லாமல் விழுங்கினான். அக்கா மட்டும் முழங்காலில் விரலால் தாளம் போட்டார். கல் அகப்பட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

“தேநீர் ஆறுமுன்ன ஒருத்தன் நிரல்ல ஓட்டை கண்டுபிடிச்சிருக்கான்,” என்றார். “அதுக்குள்ள அதை முழுசா தெரிஞ்சுவெச்சிருந்த ஆள் உலகத்துல எத்தனை பேரு?”

வால் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒன்று என்று விடை வந்தது.

கூட்டம் நடக்கும் இடத்துக்கு அதே காரில் போனார்கள். பல் டாக்டர் அதுவரை மைதானத்தைத் தாண்டி ஓட்டியதில்லை. வழியில் ஒரு மிதிவண்டிக்காரர் அவர்களுக்கு வழிவிட்டு நின்று, சலித்துப்போய்ச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். வாசலில் இறங்கும்போது, உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி அக்கா ஆந்தையைக் கேட்டுக்கொண்டார். ஆந்தை மறுத்துவிட்டார். வந்தால் பேசுவேன், பேசினால் இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார். கார் தலையாட்டிக்கொண்டே போயிற்று.

வாடகைக் கூடத்தின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் மனைவியும் ஒருவேளையும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நிரலர்கள் காலையிலிருந்து கூடியிருந்தார்கள். இன்று எதைப் பற்றியெல்லாம் பேசலாம் என்பது பற்றிய பேச்சு அப்போதுதான் முடியும் கட்டத்தில் இருந்தது. நிரல்களை உள்ளே சேர்க்கும் அதிகாரம் பெற்றவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். அவருடைய குரல் மட்டும் கதவிடுக்கு வழியாக, இருமல் மருந்து மாதிரி கெட்டியாக வந்துகொண்டிருந்தது.

ஆந்தை வரவில்லை என்று கண்டதும் மனைவியின் முகம் தொங்கிவிட்டது. அக்கா அதற்குப் பதில் சொல்லாமல், விவாதத்தின் முதல் மடலைக் காட்டும்படி ஒருவேளையிடம் கேட்டார்.

“முதல் மடலா? அது நானே எழுதினதுங்க. ரொம்பப் பழசு. ஒருவேளை கடைசி மடலைப் பார்த்தா போதுமோ?”

“அதைத் திரும்ப எப்ப படிச்சீங்க?”

அவர் படிக்கவில்லை. அனுப்பியதைத் திரும்பப் படித்தால் தப்பு கண்ணில் படும் என்பதால் எவரும் படிப்பதில்லை. குழுவிலும் கடைசியாக யார் என்ன சொன்னார்களோ அதற்குத்தான் பதில் எழுதுவார்கள். அந்த மடல் எங்கும் ஒளித்து வைக்கப்படவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துதான் கிடந்தது. அதனாலேயே ஒருத்தரும் பார்க்கவில்லை. மடிக்கணினியில் ஒருவேளை மேலே மேலே உருட்டினார். அவர் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் வால் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் காலிசெய்து, பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருந்ததையும் படித்து முடித்துவிட்டான்.

பிறகு உருட்டும் சத்தம் நின்றது. ஒருவேளையின் கழுத்து முதலில் சிவந்தது. அப்புறம் காது.

“சத்தமா படிங்க,” என்றார் மனைவி.

அவர் படித்தார். “மின்சாரம் நடுவில் நின்றுவிட்டால், பெருக்கிக்கொண்டிருந்த வரிகள் ஒருவேளை திரும்பிவராமலே போய்விடக்கூடும் என்று தோன்றலாம்.” அடுத்த வரிக்கு உருட்டினார். “ஆகவே பெருக்குமுன் அவற்றுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.”

“ஆக, ஆந்தை நீங்கதான்,” என்றான் வால்.

மனைவி கணவர் பக்கம் திரும்பினார்.

“இத்தனை வருஷமா,” என்றார், “ஞாயித்துக்கிழமை கூட வெளியே வராம, நீங்க கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் எழுதிட்டிருந்தீங்களா?”

அவர் தலையாட்டினார்.

மனைவியின் கோபத்துக்கு ஆயுள் குறைவு. எதிரில் கடிகாரம் தெரிந்தது. ஐந்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. இது தன் வரிதான், இதில் ஆட்சேபமே இல்லை என்று உள்ளே போய்ச் சொல்லச் சொன்னார். சொன்னால் சேர்த்துவிடுவார்களா என்று அக்கா கேட்டார். சேர்த்துவிடுவார்கள், வேறு தடை எதுவும் இல்லை என்றார் ஒருவேளை. ஆனால் எழுந்திருக்கவில்லை.

“என்னங்க?”

“அந்த நகல்,” என்றார். “இப்ப அது இல்ல. நடுவுல ஒருத்தர், நகல் எடுத்தா வேகம் குறையுது, எடுத்துடுங்கன்னார். நன்றி, நல்ல யோசனைன்னு எடுத்துட்டேன். எதுக்காக வெச்சேன்னு அப்ப எனக்கே ஞாபகம் இல்ல.” மடிக்கணினியை மூடினார். “அன்னிக்கு அந்த ஆட்சேபம் பொய். இப்ப நிஜம்.”

“நிஜம்னா?”

“பெருக்கும்போது கரண்ட் போனா ஒரு வரி தொலையலாம்.”

“எங்க ஆபீஸ்ல ஒரு வரின்னா என்ன?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒரு அழைப்பு.”

உள்ளே சாவிக்காரர் பெயர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். இந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இந்தத் தாழ்வாரத்தில் இருப்பவர்கள் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பேட்ச் உள்ளே போகும். நாளைக் காலை மேலதிகாரிகள் வருவார்கள். அம்மாளின் நாற்காலி பத்திரம். எப்போதோ ஒருநாள் மின்சாரம் போகும்போது, எங்கோ ஒரு வீட்டில் யாரோ வராத வண்டிக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“போன மாசம் எங்க அறையில எத்தனை தடவை கரண்ட் போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று மனைவி கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “போங்க. போய் உள்ளதைச் சொல்லுங்க.”

“உன் வேலை?”

“டயர் யாரையும் ஃபோன்ல கூப்பிடாது. போங்கன்னேன்ல.”

ஒருவேளை உள்ளே போனார். கதவிடுக்கு வழியாக வால் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் மேடையேறி, அந்த ஆட்சேபம் தன்னுடையது என்றும், தான் அதைத் திரும்பப் பெறப்போவதில்லை என்றும் சொன்னார். பிறகு சாவிக்காரரின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. ஆட்சேபித்தவர் கடைசியில் நேரிலேயே கிடைத்துவிட்டதால், இனிமேல்தான் விவாதத்தை முறைப்படி தொடங்கமுடியும் என்றார். கைதட்டினார்கள். பேட்ச் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒருவேளை படியிறங்குவதற்குள்ளாகவே, துடைப்பத்தின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் அந்த அம்மாள் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று, மேலதிகாரியைக் கைபேசியில் கூப்பிடப் போனார். கிடங்கு வேலைக்குச் சம்மதம் என்று தானே சொல்லிவிட்டால், அவர்கள் சொல்லிக் கேட்கிற அவமானமாவது மிச்சம். எண்ணைத் தட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

“அந்த முதல் பேட்ச். நகல் எடுக்குமே, அது. அது ஒழுங்கா வேலை செய்யுமா?”

“செய்யும். நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல அன்னிலேருந்து அதுதான் ஓடிட்டிருக்கு. மெயினை அணைச்சு அணைச்சுப் பார்த்தேன். ஒரு வரி போகல.”

“தெரியும். ஃப்ரிட்ஜ்தான் போச்சு.” கைபேசியைத் தாழ்த்தினார். “எங்க ஆபீஸ்ல ஓடற டேட்டாபேஸ் எந்தக் காலத்தது?”

“அதுவும் அதே காலத்ததுதான். புதுசுக்கு மாறப் பயந்துக்கிட்டு உங்க ஆளுங்க அப்படியே விட்டுட்டாங்களே.”

“அப்ப அந்தப் பேட்ச் அதுக்குப் பொருந்தும்.”

“அதுக்குன்னே எழுதினது.”

“சரி. அதை எங்க மெஷின்ல போடணும்னா யாரு அனுமதி குடுக்கணும்? உள்ள உட்கார்ந்திருக்காங்களே, இவங்களா?”

ஒருவேளை கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தத் தரவுத்தளத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. அவர்கள் எல்லோரும் எழுத உட்கார்ந்ததே அந்த விதிக்குக் கீழேதான். கல்லூரி கல்லூரியாகப் போய் அதைப் பற்றிப் பேசியவர் அவர். அந்த யாரும் என்பதில் தன் மனைவியும் சேர்த்தி என்பது மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குழு ஏற்றுக்கொண்டால்தான் நிரல் பிறந்தது என்று இருந்துவிட்ட மனிதர்.

“இவங்க இல்ல,” என்றார். “அந்த அறைக்கு மேற்பார்வை நீதானே. உன் அனுமதி போதும்.”

வால் அக்காவைப் பார்த்தான். அக்கா எதிரிலிருந்த மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தார். கத்துவார் என்று வால் எதிர்பார்த்து அரையடி பின்வாங்கி நின்றான். அவர் கத்தவில்லை. கைபேசியைப் பைக்குள் போட்டு, மடிக்கணினியை அவர் கையிலிருந்து வாங்கி இரண்டு கால்களுக்கும் நடுவே பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆபீஸ் பக்கம் திருப்பி வண்டியைக் கிளப்பினார்.

“ஏறுங்க,” என்றார்.